மாப்பிள்ளையின் முதல் துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, நாலாவது இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார்.

“மாமா, நவம்பர்ல ஆபீஸ் ஆளுங்க மான் வேட்டைக்குக் கூப்பிடறாங்க. ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலர்தான் ஒதுக்கியிருக்கேன். எது வாங்கலாம், சொல்லுங்க.”

என் மனைவி சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். துப்பாக்கிப் பேச்சு எழுந்தால் அவள் அங்கேதான் இருப்பாள், முப்பது வருடமாக.

கேள்வியைக் கேட்ட கையோடு மாப்பிள்ளை பதிலையும் கொண்டுவந்திருந்தார். போனில் ஒரு படம். .300 வின்செஸ்டர் மேக்னம். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, ஸ்கோப்பையும் மேலே பொருத்தியே விற்கிறார்கள், விலை 700 டாலர். “இது இருந்தா பின்னாடி கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போனாலும் ஆகும் மாமா. ஒரே செலவா முடிஞ்சிடும்.”

எனக்கு இட்லி தொண்டையில் நின்றது. 1993-ல் நான் வாங்கிய முதல் துப்பாக்கியும் அதே .300 மேக்னம்தான். அன்றைக்கு நான் என் மனைவியிடம் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதேதான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களில் பாதிக்கு மேல் ஊரில் இருப்பவர்கள். ‘வேட்டையா, பாவமில்லையா?’ என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோனது. முடிந்தது சரிதான் என்பது என் கருத்தும். ஆனால் நான் நாற்பது வருடமாகக் குடியிருக்கும் விஸ்கான்சின் கதை வேறு. இங்கே வெள்ளைவால் மான் எங்கள் ஊர்த் தெரு நாய் மாதிரி. சோள வயலில் நிற்கும், தோட்டத்து ரோஜாவைத் தின்னும், இரவில் கார் முன்னால் பாயும். அவற்றைப் பிடித்துத் தின்னும் ஓநாய்கள் பெரும்பாலும் வடக்குக் காடுகளோடு சரி. நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம். ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத மத்திய வரி உண்டு. 1937-ல் வந்த சட்டம், அந்தப் பணம் வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது. சுடுவதா வேண்டாமா என்ற வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். சுடுவதென்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், எதைக் கொண்டு சுட வேண்டும் என்பதே இன்றைய விஷயம்.

மாப்பிள்ளைக்கு இந்த மேக்னம் மோகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கென்னத் ஆண்டர்சன். நான் பிறந்து வளர்ந்தது தென்கனிக்கோட்டைப் பக்கம். ஜவளகிரி ஆட்கொல்லிப் புலி கதை நடந்த காடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். சின்ன வயதில் திண்ணையில் கேட்ட ஆண்டர்சன் துரை கதைகளை நான் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருக்கிறேன். துரை வைத்திருந்தது .405 வின்செஸ்டர். தோளைப் பேர்க்கிற துப்பாக்கி. அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் நானும் 1993-ல் கடைக்குள் நுழைந்ததும் இருப்பதிலேயே பெரியதைக் கேட்டேன்.

அப்போது ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஒரு காகித ஆலையில் எனக்கு வேலை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பால் பண்ணைக்காரர், நாற்பது வருடமாக வேட்டையாடுபவர். அவர் நிலத்தின் கடைசியில் ஒரு சதுப்புக்காடு. “வாங்கிவிட்டு வா, இடம் நான் தருகிறேன்” என்றார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. பொறியியல் படித்தவனுக்குப் பால் கறப்பவர் என்ன சொல்லித் தரப்போகிறார் என்ற நினைப்பு. கடைக்காரர் எனக்கு மேக்னத்தைக் கொடுத்து, ஒரு மலிவு ஸ்கோப்பை இலவசம் என்று சொல்லி மாட்டிவிட்டார். தோட்டா இரண்டு பெட்டி, அதாவது நாற்பது. கையில் இருந்த பணம் அத்தோடு தீர்ந்தது.

துப்பாக்கி தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கல்லூரியில் என்.சி.சி.யில் .22 சுட்டவர்கள் இருப்பீர்கள். அது தோளில் தட்டுவதே தெரியாது. .300 மேக்னம் அப்படியல்ல. மான் வேட்டைக்குப் பரவலாக வைத்திருக்கும் .308-ஐவிட ஒன்றரை மடங்கு உதைக்கும். துப்பாக்கி எடை குறைவாக இருந்தால் இன்னும் மோசம். முதல் நாள் சுடுதளத்தில் மூன்றாவது தோட்டாவிலேயே ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பாய்ந்து ரத்தம் வந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பேத்தி கேட்டால் அலமாரிக் கதவு இடித்தது என்பேன். பன்னிரண்டு தோட்டா சுட்டுவிட்டுப் போதுமென்று வந்துவிட்டேன். மேஜைமேல் மணல் மூட்டை வைத்துச் சுட்டதில் குறி ஏதோ சுமாராக இருந்தது. மிச்சத்தைக் காட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள், ஞாயிறு மாலை நாலு மணி. எழுபது எட்டு இருக்கும். ஒரு பெண் மான், பக்கவாட்டில், தலையைக் குனிந்து நின்றது. இதைவிட எளிய குறி வேட்டையில் கிடைக்காது. சுட்டேன். அது முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது. போய்ப் பார்த்தேன். பனியில் ரத்தம், அதில் பச்சையாகக் கலந்து இரைப்பைச் சாறு. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டிருக்கிறது. இப்படிப் பட்டால் பல மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். மான் கொஞ்ச தூரத்தில் படுத்துவிடும். எனக்கு அது தெரியாது. பின்னாலேயே ஓடினேன். படுத்திருந்த மானை எழுப்பி விரட்டியதுதான் மிச்சம். ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. புதுப் பனி விழ ஆரம்பித்து தடத்தை மூடியது. பெரியவரும் நானும் டார்ச் வைத்துக்கொண்டு ஒன்பது மணிவரை அந்தச் சதுப்பைச் சுற்றினோம். மறுநாள் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு நான் மட்டும் போனேன். கிடைக்கவில்லை.

அந்த மான் எத்தனை நேரம் உயிரோடு இருந்திருக்கும் என்று கணக்குப் போடாத நவம்பர் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

பெரியவர் திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை என்னைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். முதலில் என் துப்பாக்கியை அவரே மூன்று தடவை சுட்டார். நூறு கெஜத்தில் ஆறு அங்குலம் வலது பக்கம் தள்ளி விழுந்தது. உதை தாங்காமல் அந்த இலவச ஸ்கோப் உள்ளுக்குள் நகர்ந்துவிட்டிருந்தது. எனக்கு ஒரு நிம்மதி, குற்றம் என்னுடையதில்லை என்று. அந்த நிம்மதி பத்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. துப்பாக்கியை அவரே நிரப்பி நிரப்பி என்னிடம் தந்தார். எனக்குத் தெரியாமல் நடுநடுவே மருந்தில்லாத போலித் தோட்டாவையும் போட்டிருக்கிறார். விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை, ‘டிக்’ என்றது. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியது. கண் இறுக மூடியிருந்தது. உதை வரப்போகிறது என்ற பயத்தில், வெடிப்பதற்கு முன்பே என் உடம்பு துப்பாக்கியை அமுக்கியிருக்கிறது. ஐந்து போலியில் ஐந்திலும் இதே கதை. ஸ்கோப் பாதி, நான் பாதி.

இதற்கு மருந்து தைரியமில்லை. உடம்பு ஒரு தடவை பயந்துவிட்டால் அதை வாதாடிச் சமாதானப்படுத்த முடியாது. சின்னத் துப்பாக்கியில் நூற்றுக்கணக்கான தோட்டா சுட்டுத்தான் மறக்கடிக்க வேண்டும். அவர் தன் பழைய .308-ஐ எனக்கு ஒரு வருடம் இரவல் கொடுத்தார். மேக்னத்தை நான் நஷ்டத்துக்கு விற்றேன்.

ஆகவே, மாப்பிள்ளையின் ஆயிரம் டாலருக்கு வருகிறேன். கடையில் எல்லோரும் துப்பாக்கியில் ஆரம்பித்து, மிச்சம் இருப்பதில் தோட்டா வாங்குகிறார்கள். நான் தோட்டாவில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். முதல் வருடம் குறைந்தது 150 தடவை சுட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். .308-ல் இருபது தோட்டாப் பெட்டி, பயிற்சிக்கு உள்ளது, எங்கள் பக்கம் 25 டாலர் சுற்றில் கிடைக்கிறது. ஆறு பெட்டி, 150 டாலர். வேட்டைக்கென்று நல்ல தோட்டா இரண்டு பெட்டி, 90. காதுக்கவசம், கண்ணாடி 50. ஸ்கோப்புக்கு 200, அதைப் பிடிக்கும் வளையங்களுக்கு 40. மிச்சம் 470 இருக்கிறது. துப்பாக்கிக்கு அது போதும்.

“470-க்கு என்ன மாமா கிடைக்கும், குப்பைதானே?” என்றார். இல்லை. முப்பது வருடம் முன்பு இந்தக் கேள்வி நியாயம். இன்றைக்கு ருகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ் மாதிரி மலிவுத் துப்பாக்கிகள் நூறு கெஜத்தில் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் குண்டைப் போடுகின்றன. என் அப்பா காலத்தில் அதற்குக் கைவேலைக்காரர் வேண்டும். கட்டை பிளாஸ்டிக்தான், போல்ட் கொஞ்சம் கரகரக்கும், பார்க்க அழகில்லை. மானின் நெஞ்சுப் பகுதி, அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், எட்டு அங்குல அகலம். விஸ்கான்சின் காட்டில் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான் சுடுவோம். ஒன்றரை அங்குலத் துப்பாக்கிக்கும் அரை அங்குலத் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் அந்த மானுக்குத் தெரியாது.

பழைய துப்பாக்கி இன்னும் நல்லது என்பேன், பார்த்து வாங்கத் தெரிந்தால். இங்கே வயதான வேட்டைக்காரர்கள் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் அடகுக்கடைக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வருடத்துக்கு நாலு தோட்டாவுக்கு மேல் சுடாத துப்பாக்கிகள் அவை. வாங்குமுன் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். உள் வரிகள் கூர்மையாக, துரு இல்லாமல் இருக்க வேண்டும். குழல் முனையின் விளிம்பில் நசுக்கல் இருக்கக் கூடாது. கட்டையில் விரிசல் இருக்கிறதா, திருகுகளின் தலை யாரோ கண்டபடி முடுக்கித் தேய்ந்திருக்கிறதா, இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. திரும்பப் பெற்ற மாடலா என்றும் வரிசை எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். 2014-ல் ரெமிங்டன் 700-ல் ஒரு வகை விசை அமைப்பை, தொடாமலே வெடிக்கலாம் என்று நிறுவனமே திரும்பப் பெற்றது. அப்படி ஒன்று சரிசெய்யாமல் யார் வீட்டு அலமாரியிலாவது தூங்கிக்கொண்டிருக்கலாம். பிறகு, துப்பாக்கி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. ஐம்பது டாலர் வாங்கினாலும் கொடுக்கலாம்.

இதைவிட முக்கியம், துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது. கடையில் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணைத் திறந்தால் ஸ்கோப் முழு வட்டமாக எதிரே தெரிய வேண்டும். கழுத்தை நீட்டி, தாடையைத் தூக்கித் தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு நீளம். இங்கே கட்டைகள் ஆறடி ஆட்களுக்குச் செய்பவை. மாப்பிள்ளை ஐந்தடி ஐந்தங்குலம். அவரிடம் சொன்னேன், கோபித்துக்கொள்ளவில்லை.

எந்தத் தோட்டா என்பதில் இந்த ஊர்க்காரர்கள் நம் ஊரில் சிவாஜியா எம்.ஜி.ஆரா என்கிற மாதிரி சண்டை போடுவார்கள். 1906-ல் வந்த .30-06, 1925-ல் வந்த .270, 1952-ல் வந்த .308, 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர், எதுவும் மானுக்குக் குறைவில்லை. நான் .308 என்பதற்குக் காரணம் பெருமையில்லை. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், விலை அடங்கும், உதை தாங்கும். உதை ரொம்பப் பயமென்றால் 6.5 கிரீட்மோர் இன்னும் மெது. எல்க் கனவுக்கும் பதில் இருக்கிறது. எல்க் நம் கடமானைவிடப் பெரிது. அதற்குக் கொலராடோ மாநில விதி கேட்கும் குறைந்தபட்சமே .24 அங்குலக் குழலும் 85 கிரெயின் குண்டும்தான். குறைந்தபட்சத்தோடு போகச் சொல்லவில்லை; .308-ல் 165 கிரெயின் நல்ல குண்டோடு 250 கெஜத்துக்குள் நின்றால் தாராளம். அதைவிடத் தூரத்தில் புதிதாகச் சுடுபவருக்கு என்ன வேலை?

மாப்பிள்ளை விடவில்லை. “ஆண்டர்சன் .405 வெச்சிருந்தாரே மாமா?”

வைத்திருந்தார். அவர் எதிரே வந்தது பத்தடியில் பாயும் புலி, அதுவும் ஆளைத் தின்று பழகிய புலி. ஆனால் ஜிம் கார்பெட்டைப் பாருங்கள். சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது ஒரு .275 ரிக்பி. அது 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாதான், இன்றைக்கு இங்கே கடையில் ‘பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்’ என்று ஒதுக்கி வைக்கும் ரகம். அவர் அதை வைத்துக்கொண்டு ஆட்கொல்லிகளைத் தேடிப் போனார். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். அன்று காலையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி.

எனக்கு எதிராகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேக்னத்தை அருமையாகச் சுடுபவர்கள் இருக்கிறார்கள். மேற்கே திறந்த மலைச்சரிவுகளில் தூரத்து எல்க்கைச் சுட அது வேண்டியும் இருக்கலாம். ஆனால் அவர்களில் நான் கண்ட யாருக்கும் அது முதல் துப்பாக்கி இல்லை.

ஸ்கோப்பில் மட்டும் கருமித்தனம் வேண்டாம். ஒன்பது மடங்குக்கு மேல் பெரிதாக்கும் பூதக்கண்ணாடி எதற்கு? மூன்று முதல் ஒன்பது மடங்குவரை போகும் சாதாரண ரகம், நம்பகமான நிறுவனம், 200 டாலர். துப்பாக்கியோடு சேர்த்து விற்பவற்றில் விலையைக் குறைப்பது பெரும்பாலும் ஸ்கோப்பில்தான். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்தில் மலிவுக் கண்ணாடி சாம்பல் பூசிய மாதிரி தெரியும்.

சட்டக் காரியங்கள் அவருக்கே தெரியும். கிரீன் கார்டு இருக்கிறது. கடையில் 4473 படிவம் நிரப்பினால் பின்னணி சரிபார்த்துத் தருவார்கள். 1973 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர் என்பதால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது. வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், கூச்சப்படாதீர்கள் என்றேன். ஆரஞ்சுச் சட்டை என்னுடையது இருக்கிறது, அவருக்குத் தொளதொளவென்று இருக்கும்.

கடைசியாக ஒரு நிபந்தனை போட்டேன். நல்ல துப்பாக்கி வாங்கியிருந்தாலும் சரி, சனிக்கிழமைகளில் என்னோடு சுடுதளத்துக்கு வர வேண்டும். என் பழைய .22-ல் முதல் இரண்டு வாரம். பிறகு .308. மேஜை கிடையாது, உட்கார்ந்து, முட்டி போட்டு, மரத்தில் சாய்ந்து நின்று. நூறு கெஜத்தில் ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு. நடுநடுவே நான் போலித் தோட்டா போடுவேன், எப்போது என்று சொல்லமாட்டேன். எந்த நிலையில் ஐந்துக்கு ஐந்து தட்டில் விழுகிறதோ, அந்த நிலையில் மட்டும் காட்டில் சுடலாம். எதிலும் விழாவிட்டால் இந்த வருடம் துப்பாக்கி இல்லாமல் என்னோடு வந்து மரத்தடியில் உட்காரலாம். ஃபிளாஸ்கில் காபி உண்டு.

“நீங்க அப்படி உட்கார்ந்திருக்கீங்களா மாமா?” என்று கேட்டார்.

“1994 முழுக்க” என்றேன். சமையலறையிலிருந்து, “95-லயும்தான்” என்று குரல் வந்தது.

பருவம் தொடங்க இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. துப்பாக்கியை இன்னும் வாங்கவில்லை. கிரீன் பேயில் ஒரு கடையில் பழைய.308 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம், கட்டையை அரை அங்குலம் குறைத்துத் தருகிறார்களாம். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் பாடம். அம்பது காகிதத் தட்டு எடுத்து டிக்கியில் வைத்துவிட்டேன். அவை நவராத்திரிச் சுண்டலுக்கு வாங்கி வைத்தவை என்பது இன்னும் சமையலறைக்குத் தெரியாது.